வயிற்று வலியை விசாரித்த மாமேதை இப்னு சீனா

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், மக்களை அடிக்கடி வாட்டும் உபாதைகளுள் வயிற்று வலி முதன்மையானதாகும். மாரி வெள்ளம் கிணறுகளையும் மலசலகூடக் குழிகளையும் ஒன்றாக நிரப்பிவிடும் நாட்களில் வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் பரவுகின்றன. கோடை வெயிலில் வயலிலும் வாடியிலும் தோணியிலும் உழைப்போர் போதிய நீர் அருந்தாமையால் சிறுநீரகக் கல்லின் வேதனைக்கு ஆளாகின்றனர். காரணங்கள் பல. ஆயினும் அவை அனைத்துக்கும் எம்மவர் வைத்திருக்கும் பெயர் பெரும்பாலும் ஒன்றுதான். அது வாயு. வழங்கும் மருந்தும் ஒன்றுதான். ஓமத் தண்ணீர், அல்லது கடையில் வாங்கும் ஏதோவொரு குளுசை.

பெரும்பாலான வலிகள் இவ்வாறே தணிந்துவிடுகின்றன என்பது உண்மையே. தணியாத சில வலிகளில்தான் உயிர் பணயம் வைக்கப்படுகின்றது. இந்த உண்மையை எமக்கு உணர்த்துவதற்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்து மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனாவின் வாழ்க்கையை விடச் சிறந்த சான்று கிடையாது. மேற்குலகம் அவிசென்னா என்று அழைக்கும் அப்பெருமகனாரைத் தத்துவஞானியாகவும் யூனானி வைத்தியத்தின் பேராசானாகவும் நாம் அறிவோம். அவருக்குப் பதவியைத் தேடித் தந்ததும், சிறையில் அவரை எழுத வைத்ததும், இறுதியில் அவரது உயிரைக் குடித்ததும் ஒரே நோய் என்பதை எம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அந்நோயை அரபு வைத்தியர்கள் கூலஞ்ச் என்றனர். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. திருநாவுக்கரசர் வரலாற்றைப் பெரிய புராணத்தில் படித்த தமிழ் வாசகர்கள் சூலை நோய் என்ற சொல்லைக் கேட்டிருப்பர். வயிற்றை முறுக்கிப் பிழியும் அக்கொடிய வலியையே கூலஞ்ச் என்பதும் குறிப்பாகச் சுட்டியது.

அபூ அலீ அல் ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா, கி.பி. 980ஆம் ஆண்டில், இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகருக்கு அண்மித்த அப்ஷனா என்னும் கிராமத்தில் பிறந்தார். அவரது தந்தையார் பல்க் நகரைச் சேர்ந்தவர். ஸாமானிய அரசின் கீழ் ஒரு பகுதியை நிர்வகித்த அதிகாரி. பத்து வயதுக்குள் திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்த சிறுவன், இந்தியக் கணிதத்தைக் கற்றது காய்கறி வியாபாரி ஒருவரிடம் என்று அவரது தன்வரலாறு தெரிவிக்கின்றது. தர்க்கத்தையும் வடிவகணிதத்தையும் கற்பிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியரை மாணவர் விரைவில் விஞ்சினார். மருத்துவத்தை அவர் கடினமான கலையாகவே கருதவில்லை. பதினாறு வயதளவில், அனுபவம் மிக்க வைத்தியர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்கும் நிலை உருவாகியிருந்தது. நூல்களில் படித்ததோடு நின்றுவிடாமல் நோயாளரைத் தாமே பார்க்கத் தொடங்கியபோது, எந்த ஏட்டிலும் எழுதப்படாத சிகிச்சை முறைகள் தமக்குப் புலப்பட்டன என அவர் பதிவு செய்துள்ளார்.

அக்காலத்தில் ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்சூருக்கு ஏற்பட்ட நோய் அரண்மனை வைத்தியர்களைத் திணறடித்தது. இளைஞர் இப்னு சீனாவும் அழைக்கப்பட்டார். மன்னர் குணமடைந்தபோது, அரச நூலகத்தைப் பயன்படுத்தும் அனுமதியை அவர் கேட்டுப் பெற்றார். அறைக்கு ஒரு துறை என அடுக்கப்பட்டிருந்த அந்நூலகமே அவரது பல்கலைக்கழகமாயிற்று.

ஆனால் அமைதியான வாழ்வு நீடிக்கவில்லை. தந்தையார் காலமானார், ஸாமானிய அரசும் வீழ்ந்தது. குர்கஞ்ச், ஜுர்ஜான், ரய் என்று ஊர் ஊராக அலைய நேர்ந்தது. ஜுர்ஜானில் அவரைச் சந்தித்த அல் ஜுஸ்ஜானி என்ற மாணவர் இறுதிவரை அவரைப் பிரியவில்லை. ஆசிரியரின் பிற்கால வாழ்வை எமக்கு எழுதி வைத்தவரும் அவரே. மருத்துவ உலகின் மாபெரும் நூலான அல் கானூன் ஃபித் திப் அந்நகரில் எழுதத் தொடங்கப்பெற்று, பின்னர் ஹமதானில் ஐந்து பாகங்களாக நிறைவுற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட அந்நூல், பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கியமை வரலாறு.

மேற்கு ஈரானின் ஹமதான் நகரில்தான் கூலஞ்ச் நோய் அவரது வாழ்வில் முதன்முறையாகக் குறுக்கிட்டது. அந்நகரை ஆண்ட புவைஹித் சிற்றரசர் ஷம்ஸுத் தவ்லாவுக்குக் கடுமையான வயிற்று வலி கண்டது. இப்னு சீனா வரவழைக்கப்பட்டார். நாற்பது நாட்கள் அரசரின் இல்லத்திலேயே தங்கிச் சிகிச்சை அளித்துக் குணப்படுத்தினார். வைத்தியராகச் சென்றவர் அரசவைத் தோழரானார். பின்னர் வஸீர் என்னும் முதலமைச்சர் பதவியும் அவரை வந்தடைந்தது. அரசியல் அவருக்கு உகந்ததாக அமையவில்லை. அவர்மீது அதிருப்தியுற்ற படையினர் அவரது வீட்டைச் சூறையாடி, அவரைக் கொல்லும்படி அரசரை வற்புறுத்தினர். அரசர் அதற்கு இணங்காவிடினும் பதவியைப் பறித்தார். நண்பர் ஒருவரின் வீட்டில் நாற்பது நாட்கள் மறைந்திருந்தார் இப்னு சீனா. அவரை வெளியே கொண்டுவந்ததும் அதே நோய்தான். அரசருக்கு மீண்டும் கூலஞ்ச் கண்டது. தேடி அழைத்து, மன்னிப்புக் கோரி, சிகிச்சை பெற்ற அரசர் பதவியையும் திரும்ப அளித்தார்.

1021ஆம் ஆண்டு ஷம்ஸுத் தவ்லா போர்ப் பயணமொன்றை மேற்கொண்டார். வழியில் மூன்றாம் முறையாக நோய் தாக்கியது. உணவிலும் ஒழுங்கிலும் கட்டுப்பாடு இல்லாமையும், வைத்தியரின் ஆலோசனையைப் பொருட்படுத்தாமையும் நோயை முற்ற வைத்தன என்று ஜுஸ்ஜானி எழுதுகின்றார். ஹமதானுக்குத் திரும்பும் வழியிலேயே அரசர் உயிர் நீத்தார்.

புதிய ஆட்சியாளரின் கீழ் வஸீராகப் பணியாற்ற இப்னு சீனா மறுத்தார். இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவுடன் இரகசியமாகக் கடிதத் தொடர்பு கொண்டார் என்ற குற்றச்சாட்டில், ஃபர்தஜான் என்னும் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். அங்கும் அவரது பேனா ஓயவில்லை. அச்சிறையில் எழுதப்பட்ட நூல்களுள் ஒன்று கூலஞ்ச் நோயைப் பற்றிய தனி நூலாகும். அரசர்களின் நோயாகவும் அரசியலின் காரணியாகவும் தாம் கண்ட வயிற்று வலியை, சிறையின் தனிமையில் அமர்ந்து ஆராய்ந்து அவர் எழுதினார்.

அந்த ஆராய்ச்சியின் சிறப்பு யாது? வலி என்பது நோயன்று, நோயின் அறிகுறியே என்ற தெளிவே அதன் அடிப்படை. குடல் வலி ஒன்றே ஆயினும் அதன் காரணங்கள் பல என்று கானூனில் அவர் வகைப்படுத்துகின்றார். சளித்தன்மையான கழிவு தேங்குதல், வாயு அடைபடுதல், மலம் இறுகுதல், குடல் வீங்குதல், குடல் முறுக்கிக் கொள்ளுதல் என அவ்வகைகள் விரிகின்றன. குடலிறக்கத்தையும் பூச்சிகளையும் கூட அவர் கணக்கில் எடுக்கின்றார். காரணம் வேறாயின் சிகிச்சையும் வேறாதல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

குடல் வலிக்கும் சிறுநீரகக் கல்லின் வலிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கும் பகுதி இன்றும் வியப்பூட்டுவது. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வது பேரறிஞர்களுக்கும் நேர்ந்ததே. உரோமாபுரியின் புகழ்பெற்ற வைத்தியர் கேலன், தமக்கு வந்த குடல் வலியைக் கல்லின் வலியென்று கருதியதைத் தாமே எழுதி வைத்துள்ளார். இப்னு சீனா வலியின் பரப்பைப் பார்க்கச் சொல்கின்றார். குடல் வலி அகன்று பரவும், கல்லின் வலி முள் குத்தியது போல் ஓரிடத்தில் நிலைக்கும். வலியின் இடத்தைப் பார்க்கச் சொல்கின்றார். முன்னது வயிற்றின் முன்புறத்தில் அலைவது, பின்னது முதுகுப் பக்கம் சாய்வது. உணவோடு வலிக்குள்ள தொடர்பை வினவுகின்றார். மலமும் வாயுவும் கழிந்தால் தணிகின்றதா, சிறுநீரில் மணல் போன்ற துகள்கள் உண்டா என்று பார்க்கின்றார். அவருக்கு முன்னர் அர் ராஸியும் இத்துறையில் நூல் செய்திருந்தார். முன்னோர் அறிவையும் தமது அனுபவத்தையும் இணைத்து, நோயாளியிடம் முறையாகக் கேள்வி கேட்கும் ஒழுங்கை இப்னு சீனா நிலைநாட்டினார்.

மற்றுமொரு எச்சரிக்கையும் அவரது எழுத்தில் உண்டு. அபினி போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் வலியுணர்வை மறைக்கின்றனவே தவிர நோயை நீக்குவதில்லை. வேதனையால் உயிர்ச்சக்தியே ஒடுங்கும் நிலை வந்தாலன்றி அவற்றை நாடலாகாது என்று அவர் வலியுறுத்தினார்.

சிறையிலிருந்து விடுதலையான பின்னர், சூஃபித் துறவி வேடத்தில் ஹமதானை விட்டு வெளியேறி இஸ்ஃபஹானை அடைந்தார். அலாவுத் தவ்லாவின் ஆதரவில் கழிந்த அந்த ஆண்டுகள் அவரது வாழ்வின் அமைதியான காலம். கிதாபுஷ் ஷிஃபா என்னும் தத்துவக் களஞ்சியம் அங்கேயே நிறைவு பெற்றது. எனினும் அரசரின் போர்ப் பயணங்களில் உடன்செல்ல வேண்டிய கடமை இருந்தது. அத்தகைய பயணமொன்றில், 1034ஆம் ஆண்டளவில், கூலஞ்ச் நோய் வைத்தியரையே பற்றிக் கொண்டது.

படை பின்வாங்க நேர்ந்தால் நோயுடன் பயணம் செய்ய இயலாதே என்ற அச்சம் அவரை ஆட்கொண்டது. விரைவில் குணமாக வேண்டும் என்ற அவசரத்தில், ஒரே நாளில் எட்டுத் தடவைகள் குடல் கழுவும் பீச்சு மருந்தைத் தமக்குத் தாமே செலுத்திக் கொண்டார். குடலின் ஒரு பகுதி புண்ணாயிற்று. ஓய்வெடுக்கவும் வழியில்லை, படையோடு விரைய நேர்ந்தது. வழியில் வலிப்பும் கண்டது. வாயுவைக் கலைப்பதற்காகப் பீச்சு மருந்தில் இரண்டு தானக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். உடனிருந்த வைத்தியர் ஒருவரோ ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். ஆறு தானக் ஒரு திர்ஹம் என்பதால், அது கேட்ட அளவின் பதினைந்து மடங்காகும். அது தவறுதலா, வேண்டுமென்றே செய்ததா என்பது தமக்குத் தெரியாதென ஜுஸ்ஜானி எழுதுகின்றார். குடற்புண் மேலும் முற்றியது. வலிப்புக்காக அவர் உட்கொண்ட மருந்தில் பணியாள் ஒருவன் மிகுதியான அபினியைக் கலந்தான். எஜமானரின் பணத்தைத் திருடியோர் தண்டனைக்கு அஞ்சிச் செய்த செயல் அது. எந்த மருந்தை அஞ்சிக் கையாள வேண்டுமென்று உலகுக்கு எழுதினாரோ, அதுவே அவரது குவளையிலும் கலந்தது.

இஸ்ஃபஹானுக்குத் தூக்கிவரப்பட்டு ஓரளவு தேறினார். ஆனால் முழுமையாகக் குணமாகும் முன்னரே அரசவைக்குச் செல்லத் தொடங்கினார். உடலுக்கு வேண்டிய கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை. நோய் தணிவதும் திரும்புவதுமாக இருந்தது. 1037ஆம் ஆண்டு அலாவுத் தவ்லாவுடன் ஹமதான் நோக்கிப் புறப்பட்டபோது வழியில் நோய் மீண்டும் தாக்கியது. உடலின் வலிமை வற்றிவிட்டதையும் இனி மருந்தால் பயனில்லை என்பதையும் உணர்ந்த அவர் சிகிச்சையை நிறுத்திக் கொண்டார். செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கி, அடிமைகளை விடுவித்து, திருக்குர்ஆன் ஓதுவதில் இறுதி நாட்களைக் கழித்தார் எனப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஹிஜ்ரி 428 ரமழான் மாதத்தில், ஐம்பத்தேழாவது வயதில், ஹமதானில் அவர் காலமானார். அவரது அடக்கத்தலம் இன்றும் அந்நகரில் உள்ளது.

இவ்வாழ்க்கை எமக்கு உணர்த்துவது என்ன? அறிவின்மை அவரைக் கொல்லவில்லை. வயிற்று வலியைப் பற்றி அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. அவசரமும், அளவு மீறிய மருந்தும், ஓய்வின்மையுமே அவரைச் சாய்த்தன. அப்பேரறிஞருக்கே அந்நிலையாயின், பெயர் தெரியாத குளுசையை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்லும் எமது நிலை என்ன என்பதைச் சிந்திக்க வேண்டும்.

அவரது நாடித் தத்துவமும் தாதுக்களின் கோட்பாடும் இன்றைய மருத்துவத்தால் கடக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் கடக்கப்படவில்லை. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, திடீரென வந்ததா, விட்டு விட்டு வருகின்றதா, உணவுக்குப் பின் கூடுகின்றதா, மலமும் சிறுநீரும் எவ்வாறு உள்ளன என்பவற்றையே இன்றைய வைத்தியரும் முதலில் கேட்கின்றார். இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த நோயாளி வைத்தியரின் வேலையில் பாதியைச் செய்துவிடுகின்றார்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் அது குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். வலது விலா எலும்பின் கீழே, கொழுப்புணவுக்குப் பின் எழுந்து தோள் வரை பரவும் வலி பித்தப்பைக் கல்லைச் சுட்டலாம். இடுப்பின் பின்புறமிருந்து தொடைச்சந்து வரை இறங்கும் வலி சிறுநீரகக் கல்லின் அடையாளம். மேல்வயிற்றின் நடுவே எரிவோடு வருவது இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். ஆனால் அதே இடத்து வலி வியர்வையோடும் மூச்சிரைப்போடும் வந்தால், சிறப்பாக முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும், அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். வாயுக்குத்து என்று அதனைத் தள்ளிவிடலாகாது. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் மயக்கமும் ஏற்படின், கருப்பைக்கு வெளியே கரு தங்கி உட்குருதிப்பெருக்கு நிகழ்வதாக இருக்கலாம். ஆண் பிள்ளையின் அடிவயிற்று வலிக்கு விதைப்பை முறுக்கு காரணமாகலாம்; அங்கே சில மணி நேரத் தாமதமே உறுப்பை இழக்கச் செய்யும். வெட்கம் காரணமாக இவ்விரண்டும் மறைக்கப்படுவது எமது சமூகங்களில் வழமையாகிவிட்டது. தாய்மாரும் தந்தைமாரும் இவற்றை வினவத் தயங்கக் கூடாது.

வயிறு பலகை போல் இறுகுதல், மலத்திலோ சத்தியிலோ இரத்தம் காணுதல், மலம் தார் போல் கறுத்தல், வயிறு ஊதி மலமும் வாயுவும் வெளியேறாமை, பச்சை நிறச் சத்தி, கடுங்காய்ச்சல், கண் மஞ்சளித்தல், மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனுமொன்று தென்பட்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. பேதி மருந்து கொடுப்பதும், எண்ணெய் தடவி வயிற்றை உருவுவதும் அந்நிலையில் ஆபத்தை வருவிக்கும். வலி நிவாரணிகள் பலவற்றை அடிக்கடி உட்கொள்வதால் இரைப்பையே புண்ணாகிக் குருதி கசிவதும் உண்டு. வைத்தியசாலையில் வைத்தியர் பரிசோதித்த பின் தரும் வலி நிவாரணி வேறு, காரணம் அறியாமல் நாமே விழுங்குவது வேறு.

குழந்தையின் வயிற்றோட்டத்தில் முதல் எதிரி நீரிழப்பு. கொதித்தாறிய நீரில், பொதியில் குறித்த அளவின்படி கரைத்த ஜீவனியைச் சிறிது சிறிதாகப் பருக்க வேண்டும். கண் குழிதல், அழுகையில் கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியன தென்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வாரக்கணக்கில் தொடரும் மலப்பழக்க மாற்றமும் காரணமின்றி உடல் மெலிவதும் புற்றுநோய்ப் பரிசோதனையை வேண்டி நிற்பவை.

வாவி எமக்கு வாழ்வு தருகின்றது. அதுவே நேரத்தையும் விழுங்குகின்றது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை படுவான்கரை நோயாளி அத்துறையில் படகுக்காகக் காத்திருக்க நேர்ந்தமை பலருக்கும் நினைவிருக்கும். இன்று பாதைகள் ஓரளவு திருந்தியுள்ளன. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வருகின்றது. ஆகவே தாமதத்துக்குக் காரணம் இப்போது பெரும்பாலும் வாவியன்று. விடியட்டும் பார்ப்போம் என்ற எமது மனப்போக்கே.

நோன்பு காலத்திலும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். நோயாளி நோன்பைப் பிற்போடுவதற்கு இஸ்லாம் சலுகை அளித்துள்ளது. கந்தசஷ்டி முதலான விரதங்களிலும் உடலை வதைத்துக்கொள்ளும்படி எந்தப் பெரியாரும் கூறவில்லை. புண்ணும் குருதிக்கசிவும் உள்ளவர் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே பட்டினி இருத்தல் முறை.

சுதேச வைத்தியர்களையும் நாம் இங்கு மறந்துவிடவில்லை. ஆயுர்வேதத்தோடு சித்தம், யூனானி ஆகியவற்றையும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அங்கீகரித்துள்ளது. தமிழ்ப் பரியாரியாரும் முஸ்லிம் ஹக்கீமும் இனம் பாராது இரு சமூகத்தாருக்கும் மருந்து கொடுத்த மண் இது. இப்னு சீனாவின் வழிவந்த அறிவைப் போற்றும் வைத்தியர், அவரது முதற் பாடமான காரணம் தேடலையும் போற்ற வேண்டும். தமது எல்லைக்கு அப்பாற்பட்ட அறிகுறியைக் கண்டவுடன் நோயாளியைச் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பது அவர்களது பெருமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

மன்னர்களின் வயிற்று வலியைத் தீர்த்தவர் தமது வலிக்கு அவகாசம் கொடுக்கவில்லை. அவர் எழுதியதையும் பின்பற்றுவோம். அவர் செய்யத் தவறியதையும் நினைவில் கொள்வோம். வலி வந்தால் அடக்குவதற்கு முன் விசாரிப்போம். விசாரித்தும் விடை கிடைக்காவிடின் விடியும் வரை காத்திராது வைத்தியரிடம் செல்வோம்.